ஒருமுறை படித்ததும் புரியும் அறிவிப்பு

சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் செல்லும் டேங்கர் லாரிகளில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதை எங்கள் மாணவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அதற்கு என்ன பொருள் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டபோது, 'தீப்பிடிக்காது' என்று பலர் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கரெக்ட் – இன்கரெக்ட், கம்ப்ளீட் – இன்கம்ப்ளீட் என்று, 'இன்' என்னும் முன்னொட்டு எதிர்ப்பொருள் தரும் என வகுப்பில் கற்பிக்கிறோம். இந்தச் சொல்லிலோ அது எதிர்ப்பொருள் தருவதில்லை. எளிதில் தீப்பற்றும் என்பதே இதன் பொருள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், 'ஃப்ளேமபிள்' என்று எழுதுமாறு வலியுறுத்தியது.

எங்கள் பகுதியில் பள்ளிப் படிப்பையோ ஐ.டி.ஐ.யையோ முடித்த பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை ஆகிய இடங்களுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். அங்கே தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுவோர் ஒரே ஷிஃப்டில் நிற்கிறார்கள். சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு விதித்தது. அந்தப் பெரும்பான்மையில் சேராதவருக்கு மிஞ்சுவது ஆங்கிலப் பகுதி மட்டுமே. அதுவும் புரியாமல் போனால் விபத்தில் முடியலாம்.

நாளை இதே மாணவர்களில் சிலர் மேற்பார்வையாளர்களாகி, அறிவிப்பு எழுதும் இடத்தில் இருப்பார்கள். எனவே அறிவிப்பு எழுதும் பயிற்சியில் நான்கு செய்திகளை வலியுறுத்துகிறேன்.

1. படிப்பவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். 'இட் இஸ் ஹியர்பை நோட்டிஃபைடு தட் ஹெல்மெட்ஸ் ஷல் பி வோர்ன் பை ஆல் எம்ப்ளாயீஸ்' என்பதைவிட 'வேர் யுவர் ஹெல்மெட்' என்பது உடனே புரியும்.

2. வேலை நடக்கும் வரிசையிலேயே எழுத வேண்டும். 'கதவை மூடிய பின் பச்சைப் பொத்தானை அழுத்தவும்' என்று எழுதும்போது தமிழில் முதலில் செய்வது முதலில் வருகிறது. ஆங்கிலத்தில் 'பிரஸ் த கிரீன் பட்டன் ஆஃப்டர் க்ளோசிங் த டோர்' என்றால் வரிசை தலைகீழாகிறது. பாதி படித்ததும் கை பொத்தானுக்குப் போய்விடும். 'க்ளோஸ் த டோர். தென் பிரஸ் த கிரீன் பட்டன்' என்று இரண்டாகப் பிரிப்பதே நல்லது.

3. இரட்டை எதிர்மறை கூடாது. 'டு நாட் என்டர் அன்லெஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தை 'என்டர் ஒன்லி வென்' என்று மாற்றச் சொல்லலாம்.

4. யாரிடம், எங்கே, எப்போது என்பது தெரிய வேண்டும். 'கன்சர்ன்டு அத்தாரிட்டி', 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' போன்ற தொடர்களுக்குப் பதிலாக 'ஷிஃப்ட் சூப்பர்வைசர்', 'பிஃபோர் 5 பி.எம்.' என்று எழுதலாம்.

எழுதியது தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஸ்பிரிட் விளக்கை அணைக்கும் முறையை ஒரு மாணவர் ஆங்கிலத்தில் எழுதட்டும். ஸ்பிரிட் ஊற்றாத, ஏற்றாத விளக்கை வைத்துக்கொண்டு மற்றொரு மாணவர் அதன்படி செய்து காட்டட்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. 'டு நாட் ப்ளோ. புட் த கேப் ஆன் த ஃப்ளேம்' என்று எழுதியிருந்தால் தடுமாற்றமின்றிச் செய்துவிடுவார். தடுமாறினால் அந்த வரியைத்தான் திருத்த வேண்டும்.

இப்படி எழுதினால் தேர்வில் மதிப்பெண் குறையுமோ என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. தலைப்பு, தேதி, கட்டம், கையொப்பம் என்னும் அமைப்பில் எதையும் நாம் மாற்றுவதில்லை. உள்ளே இருக்கும் வாக்கியங்களை மட்டுமே எளிதாக்குகிறோம். வாக்கியம் சிறிதானால் இலக்கணப் பிழையும் குறையும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எழுதுவதற்கு எளிய சொற்கள் போதும். வாசிப்பதற்கு அவை மட்டும் போதாது. 'இன்ஃப்ளேமபிள்', 'ப்ரொஹிபிட்டட்', 'ஆதரைஸ்டு பெர்சன்ஸ் ஒன்லி', 'எமர்ஜென்சி எக்ஸிட்' போன்றவை பலகைகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பட்டியலிட்டு, தமிழ்ப் பொருளுடன் வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. அதனால் இதை எட்டாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது.