சிறை வைத்தும் பாடம் நிற்கவில்லை!
ரஷிய பியானோ ஆசிரியர் நெய்ஹாசின் வாழ்க்கை

1937-ம் ஆண்டு. மாஸ்கோ இசைக் கல்லூரிக்கு ஒடெசா நகரில் இருந்து ஒரு வாலிபர் வந்தார். வயது 22. பெயர் ரிக்டர். முறையாக எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. இசை நாடக அரங்கில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பிழைத்தவர்.

அவர் வாசித்ததைக் கேட்ட ஆசிரியர், பக்கத்தில் இருந்த மாணவியின் காதில், "இவன் மேதை என்றே நினைக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார்.

அந்த ஆசிரியர்தான் ஹைன்ரிச் நெய்ஹாஸ்.

கட்டாயப் பாடங்களுக்குப் போகவில்லை என்று ரிக்டரைக் கல்லூரியில் இருந்து நீக்கினார்கள். அவர் ஊருக்குத் திரும்பி விட்டார். நெய்ஹாஸ் விடவில்லை. கடிதம் எழுதி வரவழைத்தார். தங்க இடம் இல்லாத மாணவருக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். பியானோவுக்கு அடியில் படுத்துத் தூங்குவாராம் ரிக்டர்! நம் ஊர் குருகுலவாசம் தோற்றது போங்கள்.

முடங்கிய கை

நெய்ஹாஸ் 1888-ல் எலிசவெத்கிராத் நகரில் பிறந்தார். அது இன்று உக்ரைனில் இருக்கிறது. தாய், தந்தை இருவருமே பியானோ ஆசிரியர்கள். தந்தை ஜெர்மன் வம்சாவளி.

1922-ல் மாஸ்கோ கல்லூரியில் ஆசிரியர் ஆனார். நல்ல மேடைக் கலைஞர். ஆனால் 1933-ல் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. அது நரம்பைத் தாக்கி, வலது கையைக் கெடுத்தது. பிறகும் அவர் கச்சேரி செய்தார் என்றாலும், பழைய வலு முழுமையாகத் திரும்பவில்லை.

பியானோவில் கை வைக்கும் முன்பே இசை மனதில் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. விரல் பயிற்சி எல்லாம் அதற்குப் பிறகுதான். அவருடைய வகுப்பைக் கேட்க மற்ற ஆசிரியர்களின் மாணவர்களும் வந்து கூடுவார்கள்.

பெயரே குற்றம்

1941-ல் ஹிட்லரின் படை மாஸ்கோவை நெருங்கியது. ஜெர்மன் பெயர் உடையவர்கள் எல்லோர் மீதும் சந்தேகம். நவம்பரில் நெய்ஹாஸ் கைது செய்யப்பட்டார். லுபியான்கா சிறையில் எட்டு மாதங்களுக்கு மேல் இருந்தார். அப்போது அவருக்கு வயது 53.

அதே ஆண்டு, ஒடெசாவில் ரிக்டரின் தந்தையும் உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் ஜெர்மன் வம்சாவளிதான்.

நெய்ஹாசை மாஸ்கோவுக்கு வெளியே அனுப்பினார்கள். சுவெர்த்லோவ்ஸ்க் நகரில் அவருடைய பழைய மாணவர்கள் இருந்தார்கள். அங்குள்ள உரால் இசைக் கல்லூரியில் வேலை கிடைத்தது. சிறையில் இருந்து வந்தவர் மறுபடி பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்! 1944-ல்தான் மாஸ்கோ திரும்ப முடிந்தது.

1958-ல் பியானோ வாசிக்கும் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பல மொழிகளில் வந்த அந்த நூலைப் பியானோ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

1964 அக்டோபர் 10-ந் தேதி நெய்ஹாஸ் இறந்தார். கடைசிக் காலத்தில் அவரிடம் படித்த ருமேனிய இளைஞர் ராது லுப்பு, 1969-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். நெய்ஹாசின் பேரன் ஸ்தனிஸ்லாவ் பூனின் 1985-ல் வார்சா நகரில் நடந்த சோப்பின் போட்டியில் வென்றார்.

ரிக்டர் 1997 வரை வாழ்ந்தார். தனக்கு மூன்று ஆசிரியர்கள் என்பார்: நெய்ஹாஸ், தன் தந்தை, ஜெர்மன் இசை மேதை வாக்னர்.