சவுக்குத் தோப்பின் சருகு

மரத்திலிருந்து உதிர்ந்த இலையின் வேலை முடிந்துவிட்டதென்று நாம் எண்ணுகிறோம். மண்ணைப் பொறுத்தவரை அதன் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. தேயிலைத் தோட்டத்தில் நிழல்மரங்களின் சருகும், கவாத்துச் செய்த தழையும் செடியடியிலேயே மக்கி உரமாவதுண்டு. மலையில் நிகழும் இதே செயலைச் செங்கற்பட்டுக் கடற்கரை மணலிலும் காணலாம்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே சவுக்குத் தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் எஞ்சின்களின் விறகுக்காகச் சென்னை மாகாணக் கடற்கரையில் இம்மரம் பெருமளவில் பயிரிடப்பட்டது. இதில் ஊசிபோல் தொங்குவது இலையன்று. பசுமையான மெல்லிய குச்சி. அதன் கணுக்களைச் சுற்றிப் பற்களைப்போல் அமைந்த செதில்களே இலைகள்.

சத்தற்ற மணலில் இம்மரம் எவ்வாறு செழிக்கிறது? அதன் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றி மரத்துக்கு அளிக்கிறது. அச்சத்தில் ஒரு பகுதி சருகுடன் நிலத்தில் விழுகிறது.

விழுந்த சருகிலிருந்து சாம்பற்சத்தை மழைநீர் முதலில் கரைத்துவிடும். பின்னர்க் காளான்களும் பாக்டீரியாக்களும் அதைச் சிதைக்கின்றன. லிக்னினும் டானினும் மிகுந்திருப்பதால் சவுக்குச் சருகு மெல்லவே மக்கும். கோடையில் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும் இவ்வேலை, வடகிழக்குப் பருவமழையில் விழித்தெழும். இறுதியில் எஞ்சும் கரிய மக்கு, நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். களிமண் இல்லாத மணலுக்கு அந்த மக்கே களஞ்சியம்.

ஆனால் இச்சருகு அடுப்பெரிக்கவும் உதவுவது. விறகுக்கு வழியற்றவர்கள் அதை வாரிச் செல்வதைக் குற்றமென்று எவ்வாறு கூறுவது? எனினும் மரத்தையும் வெட்டி, சருகையும் முற்றிலும் வாரிவிட்டால் களஞ்சியம் வெறுமையாகும். அடுப்புச் சாம்பலைத் தோப்பில் தூவினால் மணிச்சத்தும் சாம்பற்சத்தும் ஓரளவு திரும்பும். எரிந்துபோன தழைச்சத்து திரும்பாது. ஆகவே ஒரு பகுதிச் சருகையேனும் மரத்தடியில் விட்டுவைப்பதே அறிவுடைமை.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்தறியலாம். உலர்ந்த சவுக்குச் சருகையும் புங்க இலையையும் சம எடையில் இரு வலைப்பைகளில் இட்டு, ஈரமணலில் புதைத்து வையுங்கள். மாதந்தோறும் எடுத்து, மணலை உதறி, உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். எது விரைவில் எடை குறைகிறது என்பதைத் தராசே உங்களுக்குச் சொல்லும்.