யார் படிக்கலாம், யார் திருத்தலாம்?

ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் இயக்கலாம் என்பதைக் கணினி ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே திறந்துவிடுகிறது. இந்த அனுமதிகளை மாற்றும் ‘சிஎச்மாட்’ கட்டளை, பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1971 நவம்பர் கையேட்டிலேயே இடம்பெற்றிருந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. லினக்ஸிலும் மேக்கிலும் அதே கட்டளை இன்றும் புழக்கத்தில் உள்ளது.

யூனிக்ஸ் வழியில் ஒவ்வொரு கோப்பும் மூன்று தரப்பாரை அறியும்: உரிமையாளர், கோப்புக்கென ஒதுக்கப்பட்ட ஒரு குழு, மற்ற எல்லாரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்பெண்கள் உண்டு. அவற்றைக் கூட்டி, தரப்புக்கு ஓர் இலக்கமாக எழுத வேண்டும். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரு தரப்பாரும் படிக்க மட்டுமே முடியும். 600 என்றால் உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் வழியில்லை. எல்லாவற்றையும் மீறக்கூடியவர் ‘ரூட்’ எனப்படும் நிர்வாகி.

கோப்புறை என்று வரும்போதுதான் பலருக்கும் குழப்பம். அங்கே படிக்கும் அனுமதி, உள்ளிருக்கும் பெயர்களைப் பட்டியலிட மட்டுமே உதவும். உள்ளே நுழைந்து ஒரு கோப்பைத் தொட, இயக்கும் அனுமதி தேவை. கோப்புறைகளுக்கு 644 கொடுத்தால் எதுவும் திறக்காமல் போவதும், 755 வழக்கமாக இருப்பதும் இதனால்தான். எழுதும் அனுமதி இன்னும் விசித்திரமானது. ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கோப்பின் அனுமதி அல்ல, அது இருக்கும் கோப்புறையின் அனுமதி. திருத்த முடியாத கோப்பைக்கூட ஒருவர் அழித்துவிடலாம்! எல்லாரும் எழுதக்கூடிய தற்காலிகக் கோப்புறையில் இந்த வம்பைத் தவிர்க்கவே ‘ஸ்டிக்கி பிட்’ என்ற கூடுதல் குறி உள்ளது. அது இருந்தால் அவரவர் கோப்பை அவரவர்தான் நீக்க முடியும்.

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வந்ததும் 777 போட்டுவிடுவது பரவலான பழக்கம். யார் வேண்டுமானாலும் எதையும் செய்யலாம் என்பதே அதன் பொருள். இணையதள சர்வரில் இப்படிச் செய்வது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதுதான். சில நிரல்கள் இந்தத் தாராளத்தை ஏற்பதும் இல்லை: பிறர் படிக்கக்கூடிய நிலையில் உள்ள ரகசியச் சாவிக் கோப்பை, வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரல் பயன்படுத்த மறுத்துவிடும். பல நேரங்களில் கோளாறு அனுமதி எண்ணில் இருக்காது; கோப்பு தவறான ஆளின் பெயரில் இருக்கும். உரிமையாளரை மாற்றும் ‘சிஎச்ஓன்’ கட்டளையே அதற்கு மருந்து.

விண்டோஸின் வழி வேறு. 1993-இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில், ஒவ்வொரு பயனருக்கும் குழுவுக்கும் தனித்தனியாக அனுமதி எழுதிவைக்கலாம். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘செக்யூரிட்டி’ என்று போனால் பட்டியல் தெரியும். மேல் கோப்புறையின் அனுமதிகள் கீழே உள்ளவற்றுக்குத் தாமாகவே இறங்கும். ஒரே கோப்பில் நேரடியாக இட்ட ‘அனுமதி’யும் ‘மறுப்பு’ம் மோதினால் மறுப்பே வெல்லும்.

பென் டிரைவ்களில் வழக்கமான ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைகளில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அவற்றில் நகலெடுத்த கோப்பை, டிரைவ் கைக்கு வந்த எவரும் படிக்கலாம்.