இணையதளம் இடம் மாறும்போது பழைய முகவரிகளை என்ன செய்வது?

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் ஓர் அமைப்பின் இணையதளத்தைப் புதுப்பித்தார்கள். அந்தப் பணியை மேற்பார்வையிடும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. புதிய தளம் பார்க்க அழகாக இருந்தது, வேகமாகவும் திறந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹஜ்ரத், நோட்டீஸ்ல இருக்கிற கட்டத்தை ஸ்கேன் பண்ணினா முகப்புப் பக்கம்தான் வருது. ஃபாரம் எங்கே இருக்கு? நாளைக்குக் கடைசி நாளாமே!"

அந்த நோட்டீஸை ஜுமுஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசல்களில் நாம்தான் விநியோகித்திருந்தோம். அதில் அச்சாகியிருந்தது விண்ணப்பப் படிவத்தின் பழைய முகவரி. புதிய தளத்தில் அந்தப் படிவம் வேறொரு முகவரிக்குப் போய்விட்டது. பழையதிலிருந்து புதியதற்கு யாரும் வழி போட்டு வைக்கவில்லை. அந்தத் தாய் அழைத்துக் கேட்டார். கேட்காமலேயே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று நமக்கு இன்றுவரை தெரியாது.

நாம் மதரஸாவிலும் கலைக் கல்லூரியிலும் படித்தவர்கள். கணினித் துறையைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் அந்தத் தவறுக்குப் பிறகு இதைப் பற்றி விசாரித்து அறிந்துகொண்டோம். ஜமாஅத், பள்ளிக்கூடம், அறக்கட்டளை என்று ஏதாவது ஒரு தளத்தின் நிர்வாகத்தில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முகவரி மாறினால் என்ன நடக்கிறது?

இணையத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி உண்டு. யுஆர்எல் என்பது அதுதான். நாம் ஒரு லிங்க்கைத் தொட்டதும் அந்தப் பக்கம் இருக்கும் சர்வரிடம் கேள்வி போகிறது. சர்வர் ஒரு மூன்று இலக்க எண்ணோடு பதில் தருகிறது. 200 என்றால் பக்கம் இருக்கிறது. 404 என்றால் அப்படி ஒரு பக்கத்தைக் காணவில்லை. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, புதிய முகவரி இதோ என்று பொருள். 302 என்றால் தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது. 410 என்றால் இந்தப் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது, இனித் தேட வேண்டாம் என்று பொருள்.

301, 302 ஆகிய பதில்களைத்தான் ரீடைரக்ட், அதாவது வழிமாற்று என்கிறார்கள். வாசகருக்கு இது எதுவும் கண்ணில் படாது. பழைய லிங்க்கைத் தொடுவார், புதிய பக்கம் திறக்கும், அவ்வளவுதான். வீடு மாறும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் புது விலாசத்தைச் சொல்லிவிட்டு வருவதில்லையா? அதே வேலைதான்.

இதைச் செய்யாமல் விடுவதால் ஏற்படும் இழப்பு சிறியதல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குப் பிறகு திறக்கவில்லை. தளமே மூடப்பட்டது, பக்கம் நீக்கப்பட்டது என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் இடம் மாறும்போது வழி சொல்லாமல் போவது நம்மால் தடுக்கக்கூடிய காரணம்.

பிரிட்டன் அரசு செய்த பெரிய இடமாற்றம்

இதைப் பெரிய அளவில் முறையாகச் செய்தவர்களில் பிரிட்டன் அரசு ஒன்று. 2012 அக்டோபர் 17 அன்று கவ் டாட் யூகே என்ற ஒரே தளம் தொடங்கப்பட்டது. பொதுமக்களுக்கான டைரக்ட்கவ், வணிகர்களுக்கான பிசினஸ் லிங்க் ஆகிய இரு பெரிய தளங்களின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. பின்னர் அமைச்சகங்களின் தளங்களும், அரசு முகமைகளின் நூற்றுக்கணக்கான தளங்களும் படிப்படியாக அதே தளத்துக்கு வந்தன.

ஓய்வூதியம், வாகன உரிமம், வரி என்று ஒவ்வொன்றுக்கும் மக்கள் பழைய முகவரிகளைத்தான் குறித்து வைத்திருந்தார்கள். அரசுக் கடிதங்களிலும் கையேடுகளிலும் அச்சாகியிருந்தவையும் அவையே. எனவே அந்தக் குழு பழைய முகவரிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவெடுத்தது. புதிய தளத்தில் அதே தேவையை நிறைவேற்றும் பக்கம் இருந்தால் 301 கொடுத்து அங்கே அனுப்பினார்கள். இல்லாவிட்டால் 410 கொடுத்தார்கள். வெறும் 410 மட்டும் அல்ல. பக்கம் நீக்கப்பட்டுவிட்டது என்று விளக்கி, பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பழைய பிரதிக்கு வழியும் காட்டினார்கள்.

எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாததுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. நம் அமைப்பின் தளத்தில் நடந்த தவறே அதுதான். முகப்புக்கு வந்து சேர்ந்தவருக்குத் தான் தேடியது இருக்கிறதா, இல்லையா என்பதுகூடத் தெரியாது. தொடர்பில்லாத பக்கங்களை மொத்தமாக முகப்புக்கு அனுப்பினால், கூகுளும் அவற்றைக் காணாமல் போன பக்கங்களாகவே கருதக்கூடும்.

செய்ய வேண்டிய வேலைகள்

முதல் வேலை பட்டியல். பழைய தளத்தை நிறுத்துவதற்கு முன்பே இதை எடுத்துவிட வேண்டும். தளத்தின் சைட்மேப், சர்வரின் பதிவேடுகள், கூகுள் சர்ச் கன்சோல் ஆகியவற்றிலிருந்து முகவரிகளைத் திரட்டலாம். நோட்டீஸ், புத்தகம், கியூஆர் கட்டம் என்று அச்சில் போனவற்றையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். இணையத்தில் இருக்கும் லிங்க்கைத் திருத்திவிடலாம். அச்சாகி வீடு வீடாகப் போன காகிதத்தை யார் திருத்துவது?

இரண்டாவது வேலை இணைப்பட்டியல். எக்செல் தாளில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதிய முகவரி. டொமைன் பெயர் மட்டும் மாறி, உள்ளே எல்லாம் அப்படியே இருந்தால் ஒரே ஒரு விதி போதும். அமைப்பே மாறுகிறது என்றால், அதிகம் பார்க்கப்படும் பக்கங்களையாவது ஒவ்வொன்றாக மனிதக் கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும்.

மூன்றாவது, சங்கிலி விழாமல் பார்ப்பது. 2015-ல் ஒரு மாற்றம், 2020-ல் ஒரு மாற்றம் என்று இருந்தால், முதல் முகவரி இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் அனுப்பும். ஒவ்வொரு தாவலுக்கும் நேரம் வீணாகும். கூகுளின் தேடல் நிரல் 10 தாவல்கள் வரைதான் தொடரும். எனவே முதல் முகவரியையே நேராகக் கடைசி இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு முகவரிகள் ஒன்றையொன்று சுட்டினால் சுழல் ஏற்பட்டு, எந்தப் பக்கமுமே திறக்காது.

நான்காவது, சோதனை. 301 பதிலை பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான இடத்துக்கு 301 போட்டுவிட்டுப் பிறகு திருத்தினாலும், சிலருக்குப் பழைய தவறே தொடரும். அதனால் முதலில் 302 போட்டுப் பார்த்து, சரி என்று உறுதியானதும் 301 ஆக்குவது பாதுகாப்பானது. தளம் மாறிய பிறகும் சில வாரங்களுக்கு 404 பதிவுகளைத் தினமும் பார்க்க வேண்டும். விட்டுப்போனவை அங்கே தெரிந்துவிடும்.

தமிழ்த் தளங்களுக்கு ஒரு தனிச் சிக்கல்

பல தமிழ்த் தளங்களில் கட்டுரைத் தலைப்பே முகவரியாக இருக்கும். நம் கண்ணுக்கு அது தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியோடு கூடிய 9 எழுத்துகளாக மாறுகிறது. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துகள்தான் இடம் தருகிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், 22 குறிகளோடு முகவரி வெட்டுப்படும். பாதிச் சொல்லில்கூட முடிந்திருக்கும்.

வேறு மென்பொருளுக்கு மாறும்போது அது தலைப்பிலிருந்து முகவரியைப் புதிதாக உருவாக்கினால், முழுத் தலைப்பும் வந்துவிடும். பழைய வெட்டுப்பட்ட முகவரியோடு பொருந்தாது. இதனால் ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் லிங்க் ஒரே நாளில் அறுந்துபோகலாம். ஆகவே தமிழ் முகவரிகளைத் தலைப்பை வைத்து ஊகிக்கக் கூடாது. பழைய தரவுத்தளத்தில் இருப்பதை உள்ளபடியே எடுத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எத்தனை காலம் வைத்திருப்பது?

குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் பரிந்துரைக்கிறது. அது தேடுபொறியின் கணக்கு. மனிதர்களின் கணக்கு வேறு. குடும்பக் குழுவில் ஐந்தாண்டுகளுக்கு முன் பகிர்ந்த வஃபாத் செய்தியை இன்று ஒருவர் தேடித் தொடுவார். முடிந்தால் வழிமாற்றுகளை நிறுத்தவே வேண்டாம்.

டொமைன் பெயரே மாறினாலும் பழைய டொமைனுக்கு ஆண்டுச் சந்தா கட்டி வர வேண்டும். கைவிட்டால் அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படிக் கைமாறிய பெயர்களில் சூதாட்ட விளம்பரங்கள் வருவது இன்று சாதாரணம். நம் நோட்டீஸை நம்பி ஒரு பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

மக்களிடம் கொடுத்த முகவரி நம்மிடம் உள்ள அமானிதம். உதவித்தொகைப் படிவத்தின் பழைய முகவரியை அன்றிரவே சரியான இடத்துக்குத் திருப்பி, கடைசித் தேதியையும் பத்து நாள் தள்ளிவைத்தோம். அந்தத் தாயின் மகள் விண்ணப்பித்தாள். அந்த வழிமாற்றை இன்றுவரை நீக்கவில்லை.

உங்கள் ஜமாஅத்தோ பள்ளிக்கூடமோ தளத்தைப் புதுப்பிக்கும்போது, வடிவமைப்பவரிடம் நிறத்தையும் படத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "பழைய முகவரிகளின் பட்டியல் எங்கே?" அது கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.