கிருபையும் அருளும்: செங்கல்பட்டு வட்டாரக் கிறித்தவ வழிபாட்டுச் சொற்கள்

செங்கல்பட்டு நகரில் ஸ்காட்லாந்து மறைப்பணி மரபில் வந்த தென்னிந்தியத் திருச்சபையினர் ‘கிருபை’, ‘இரட்சிப்பு’, ‘ஆராதனை’ ஆகிய சொற்களைப் பெரிதும் ஆளுகின்றனர். மாமல்லபுரத்திற்கு வடக்கே, கோவளம் கார்மேல் மாதா ஆலயத்தைச் சார்ந்த கத்தோலிக்கரிடையே ‘அருள்’, ‘மீட்பு’, ‘வழிபாடு’ என்பன வழங்குகின்றன. முன்னவை 1871ஆம் ஆண்டு ஹென்றி பவர் குழுவின் விவிலியப் பெயர்ப்பு மரபின. பின்னவை 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தால் வலுப்பெற்றன.

இதனை வடசொல், தென்சொல் வேறுபாடாக மட்டும் காண்பது போதாது. ‘இரட்சித்தல்’ காத்தலைக் குறிக்கும். ‘மீட்டல்’ அடகுப்பொருளை ஈடுகொடுத்துத் திரும்பப் பெறுதலையும் குறிக்கும். எனவே, கிறிஸ்துவின் சாவை மனிதருக்கான விலையாகக் காணும் பவுலின் கருத்து அச்சொல்லில் வெளிப்படையாகிறது.

‘அருள்’ என்பதன் நிலை வேறு. சைவ சித்தாந்தத்தில், இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிரிடத்தே திருவருள் பதியும். பவுல் கூறும் அருளோ, தகுதியற்ற பாவிக்குக் கிறிஸ்து வழியாக இலவசமாகக் கிடைக்கும் கொடை. பக்குவத்தை எதிர்நோக்கும் அருளும் பாவியைத் தேடிவரும் அருளும் ஒரே சொல்லில் உறைகின்றன. ஆகவே, தமிழ்ச்சொல் என்பதனாலேயே பொருள் தெளிவு அமைந்துவிடாது; இரு சபை வழக்குகளையும் ஒப்பிட்டு நோக்கும்போதே மீட்பியலின் முழுப்பொருள் தமிழில் துலங்கும்.