ஓட்டுக்குள் வாழும் அமீபா

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரத்தடியிலும் கிணற்றுச் சுவரிலும் படரும் பாசியைப் பிழிந்து நுண்பெருக்காடியில் நோக்கினால், ஓடுடைய அமீபாக்களைக் காணலாம். அமீபா என்றதும் வயிற்றுக்கடுப்பை எண்ணி அஞ்சுகிறோம். இவை அந்நோயைத் தருவனவல்ல. ஓட்டின் வடிவும் வாயும், அது மணற்றுகளால் ஆனதா செதில்களால் ஆனதா என்பதுமே இனத்தைக் காட்டும். குளிர்நாட்டுச் சதுப்புப்பாசியில் வாழும் ஓரினத்தின் மஞ்சள் ஓடு கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளிருக்கும் பச்சை அணுக்களைக் காட்டும். அமெரிக்க அறிஞர் ஜோசப் லெய்டி அதற்கு வண்ணத்துப்பூச்சியின் பெயரையே இட்டார். 1879இல் வெளியான தம் நூலில் அழகுற வரைந்தும் வைத்தார்.

வயிற்றுக்கடுப்பு அமீபாவிற்கோ ஓடில்லை. வாயற்ற உருண்டைக் கூட்டினுள், நான்கு உட்கருக்கள் வரை கொண்டு, அது நீரில் காத்திருக்கும். தெளிந்த கிணற்றுநீரிலும் அக்கூடு இருக்கக்கூடும். குளோரின் அதனை எளிதில் கொல்வதில்லை. கொதிநீரில் அது பிழைக்காது.