மழையில் கேமரா: அன்றும் இன்றும்

ஐப்பசியில் கல்யாணம் எடுக்கப் போனால், அன்று எங்கள் பையில் முதலில் ஏறுவது பாலித்தீன் கவர்தான். மூலையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கி, உதவிப் பையன் குடை பிடிக்க, மாப்பிள்ளை அழைப்பை எடுத்து முடிப்போம். நிக்கான் எஃப்எம்2 போன்ற ஃபிலிம் கேமராக்களில் பேட்டரி வெளிச்சத்தை அளக்க மட்டும்தான். அது தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். கொஞ்சம் நனைந்தால் துடைத்துக் காயவைப்போம், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

டிஜிட்டல் வந்த புதிதில்தான் மழை உண்மையிலேயே பயமாக மாறியது. உள்ளே முழுக்க மின்சுற்று. என் முதல் டிஜிட்டல் கேமரா ஒரு முகூர்த்தக் காலையில், வெறும் தூறலில் போனது. திரை ஒருமுறை மினுங்கி அணைந்தது. மூன்று நாள் அரிசிக்குள் புதைத்துவைத்தேன், எழவில்லை. பேட்டரி மூடியைத் திறந்தபோது உலோக முனைகளில் பச்சை பூத்திருந்தது.

அந்தப் பத்தாண்டிலேயே மாற்றமும் தொடங்கிவிட்டது. 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1 தூறலுக்கும் தூசிக்கும் அடைப்போடு வந்தது. 2006இல் பென்டாக்ஸ் கே10டி, நடுத்தர விலையிலேயே 72 அடைப்புகளைக் கொடுத்தது. பட்டன், டயல், கார்டு மூடி என்று தண்ணீர் நுழையும் ஒவ்வொரு இடுக்கிலும் மெல்லிய ரப்பர். 2022இன் ஓஎம்-1 கேமராவுக்கு ஐபி53 தரம். இதில் 5 தூசிக்கு, 3 தண்ணீருக்கு: அடைப்புள்ள லென்ஸைப் பொருத்தினால், செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை சாய்ந்தடிக்கும் சாரலைத் தாங்கும். கோப்ரோ ஹீரோ5, 2016இலேயே தனிக் கூடு இல்லாமல் 10 மீட்டர் ஆழம் போனது.

இன்று இளைஞர்கள் கொட்டும் மழையில் நின்று படமெடுக்கிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. குடைக்கு அடியிலிருந்து நாங்கள் எட்டாத படங்கள் அவர்களுக்குக் கிடைக்கின்றன. ஆனால் சாரலைத் தாங்கும் கேமரா வேறு, முங்கி எழும் கேமரா வேறு. லென்ஸில் அடைப்பு இல்லையென்றால் மவுண்ட் வழியே தண்ணீர் இறங்கும். ரப்பரும் வயதாகித் தளரும். கடற்கரை உப்புக்காற்று உலோகத்தை அரிப்பது அன்றுபோலவே இன்றும். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்குள் எடுத்துவந்தால் லென்ஸ் வேர்ப்பதும், ஈரத்தோடு பூட்டிவைத்தால் ஃபங்கஸ் பிடிப்பதும் மாறவில்லை.

ஆகவே மழையில் தாராளமாக இறங்குங்கள். வீடு திரும்பியதும் காய்ந்த துணியால் துடையுங்கள். கடற்கரைக்குப் போயிருந்தால், மூடிகள் இறுக மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் முதலில் ஒருமுறை. உடல் முழுக்கக் காய்ந்த பிறகே மூடிகளைத் திறங்கள். பையில் சிலிக்கா ஜெல் போட மறக்காதீர்கள். ரப்பர் பாதி வேலையைத்தான் பார்க்கும். மீதி நம் கையில்.